தவறான கண்டெய்னரைப் பார்த்துக்கொண்டிருந்த காலை

கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர், அநேகமாக இந்த வருடத்துக்குள்ளேயே, வார்டிலிருந்து வரும் போனை எடுத்துத் திரையைப் பார்த்தபடி, "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, உங்க பக்கம் பாருங்க" என்று சொல்லப் போகிறார். நானும் சொன்னேன். காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவள் நான். எத்தனையோ போன்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவற்றில் இந்த ஒரு பதிலை நினைத்தால் மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது. போன மாதம் வீட்டில் மிக்சி நின்றுபோய், பார்க்க வந்தவர் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றபோதுகூட, இன்னொரு தரம் திறந்து பார்க்கச் சொன்னேன்.

கட்டளைகளை நான் சொல்லித்தரப் போவதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன. என்னைவிட வேகமாக நீங்கள் தேடி எடுத்துவிடுவீர்கள். ஒரு திங்கட்கிழமையைப் பற்றியும் அதற்கு மறுநாளைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு செயலி இருந்தது. ரத்தமோ சிறுநீரோ, எந்தப் பரிசோதனை முடிந்தாலும் மெஷினிலிருந்து முடிவை வாங்கி, நோயாளியின் பெயரோடு சேர்த்து, டாக்டர்களின் திரைக்கு அனுப்புவது அதன் வேலை. முடிவு ஆபத்தான அளவில் இருந்தால் சிவப்பில் காட்டிச் சத்தமும் எழுப்பும். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, அதை எழுதிக் கொடுத்த சென்னைக் கம்பெனி அதைக் கண்டெய்னருக்குள், அதாவது கணினிக்குள்ளேயே தனியாக அடைத்த ஒரு மென்பொருள் பெட்டிக்குள், மாற்றியது. அதுவரை செயலி ஒரு கணினியில் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது; எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். கண்டெய்னருக்குள் போனதும் அது பூட்டிய அறைக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. நாம் எந்தக் கதவைத் திறந்து வைத்தோமோ அதன் வழியாக மட்டும்தான் வெளியிலிருந்து பேச முடியும்.

மாற்றிய கொஞ்ச நாளிலேயே ஒரு கோளாறு தொடங்கியது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை செயலி மெல்ல மெல்லத் தளர்ந்து, கடைசியில் அப்படியே நின்றுவிடும். நான் ரீஸ்டார்ட் செய்வேன். எழுந்துகொள்ளும். சென்னைக்குப் போன் செய்தால், "எங்க பக்கம் அப்படி ஆகலையே மேடம்" என்பார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே நுழையும்போதே, இன்றைக்கு நிற்குமா நாளைக்கு நிற்குமா என்றுதான் மனம் கணக்குப் போடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், செயலி ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு கண்காணிப்புக் கருவி உண்டு. அது என் மேசைக் கணினியில் இருக்கும். செயலி எவ்வளவு நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை வேலை செய்கிறது என்பதையெல்லாம் கோடுகளாக வரைந்து காட்டும். அதைக் கண்டெய்னருக்குள் இருக்கும் செயலியோடு இணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த 'அவ்வளவுதான்' என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. கருவி போய்க் கதவைத் தட்டும். செயலியும் பதில் சொல்லும். ஆனால் மீதிப் பேச்சுக்கு வரச்சொல்லி அது ஒரு முகவரி கொடுக்குமே, அது கண்டெய்னருக்குள் மட்டுமே செல்லுபடியாகிற முகவரி. வெளியில் அப்படி ஓர் இடமே கிடையாது. கருவி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இணைக்க முடியவில்லை என்று கைவிரித்துவிடும். வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியைச் செயலிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்று புரிய வியாழக்கிழமை ஆகிவிட்டது.

நோயாளிகளின் முடிவுகள் ஓடும் கண்டெய்னரில் கைவைக்கப் பயந்து, அதே கணினியில் இருந்த சோதனைக் கண்டெய்னரில்தான் இதையெல்லாம் முதலில் செய்து பார்த்தேன். சோதனைக் கண்டெய்னர் என்பது அதே செயலியின் இன்னொரு நகல். பழகிப் பார்ப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் விட்டு வைத்தது. அதில் முதலில் செய்து பார்த்தது நல்ல பழக்கம்தான். வியாழக்கிழமை காலை அதை நீக்கிப் புதிதாக உருவாக்கியதும் இணைப்பு கிடைத்துவிட்டது. கருவியின் பட்டியலில் அந்த இணைப்பைச் சேமிக்கும்போது அதற்கு 'லேப்' என்று பெயர் வைத்தேன். சோதனை என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அதே மாற்றங்களை உண்மையான கண்டெய்னரின் அமைப்புக் கோப்பில் எழுதினேன். ரீஸ்டார்ட் செய்தேன். கருவியைத் திறந்து 'லேப்' என்பதை அழுத்தினேன். பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் என் காசில் காபி வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை எங்கள் ஊரில் மருத்துவமனைக்குக் கூட்டம் அதிகம். தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிவிட்டு அன்றைக்குத்தான் வருவார்கள். பத்தேகாலுக்கு ஆய்வகத்திலிருந்து வசந்தி போன் செய்தாள். ஆய்வகத்தின் பொறுப்பு டெக்னீஷியன் அவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். காரணமில்லாமல் போன் செய்கிற ஆள் இல்லை.

"அக்கா, மெஷின்ல இருந்து ஒண்ணும் ஏற மாட்டேங்குது. இருபது சாம்பிள் முடிஞ்சு நிக்கிது. ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு போச்சு."

நான் கருவியைப் பார்த்தேன். கோடு படுக்கையாக, அழகாக ஓடிக்கொண்டிருந்தது. நினைவகத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் வசந்தி. அப்ளிகேஷன் ஜம்முனு ஓடுது. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க பக்கம் லைன்ல ஏதோ கோளாறு, பாக்கச் சொல்றேன்."

"அப்ப நான் மெஷின் ஸ்கிரீன்லயே பாத்துப் பேப்பர்ல எழுதிரவா? வெளிய நாப்பது பேரு நிக்கிறாகக்கா."

"வேணாம் வேணாம், மெஷினத் தொடாத. பாதியில கைய வச்சா ஒரே ரிசல்ட்டு ரெண்டு தரம் ஏறிரும், பேரு மாறிரும். லைன் சரியானதும் தானா ஏறும்."

அவள் "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

என் குரலில் இருந்த உறுதியைக் கவனியுங்கள். இரண்டு மாதமாக இந்தச் செயலி நிற்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய் ரீஸ்டார்ட் செய்தவள். அன்றைக்கும் கருவி இல்லாமல் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கையில் ஒரு கோடு கிடைத்ததும், எதிரில் இருக்கிற ஆள் சொல்வதைவிட அந்தக் கோட்டை நம்பினேன்.

வயரிங் பார்க்கும் பாண்டியைக் கூப்பிட்டேன். அவருக்கு முழங்கால் வலி. ஏணியில் ஏறி, கூரைப் பலகையைத் தள்ளி, வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். "லைன் எல்லாம் சுத்தமா இருக்கும்மா" என்றார். "இன்னொரு தரம் பாருங்க பாண்டி" என்றேன். மறுபடி ஏறினார். இதற்குள் வார்டுகளிலிருந்து போன் மேல் போன். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அன்று திருக்கோஷ்டியூர் கோயிலுக்குப் போயிருந்தார். நிர்வாக அதிகாரி இரண்டு முறை என் அறை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கோட்டைப் பார்ப்பேன், அது சாந்தமாக இருக்கும், எனக்கும் கொஞ்சம் மூச்சு வரும். எவ்வளவுக்கெவ்வளவு பயமாக இருந்ததோ அவ்வளவுக்கவ்வளவு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் என் அறை ஜன்னலை யாரோ தட்டினார்கள். ஆய்வகக் கவுன்ட்டரில் கூட்டம் தாங்காமல் பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்ட ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ரத்தம் எடுத்த சீட்டு.

"நாங்க அமராவதிபுதூரும்மா. எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கிட்னி சரியில்ல. வாரத்துக்கு ரெண்டு தரம் இங்குட்டு வந்து மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிட்டுப் போவாக. போன தடவை வீட்டுல ஒரு சாவு விழுந்துருச்சு, வர முடியல. காலையில இருந்து கையும் காலும் மரத்துப் போச்சுன்றாக. ரத்தம் எடுத்து ஒரு மணி நேரமாச்சு. ரிப்போட்டு வந்தாத்தான் டாக்டரு பாப்பாராம்."

அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். நடைபாதை பெஞ்சில் ஒருவர் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். தச்சு வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் எதையும் பார்க்கிற மாதிரி இல்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா, இப்ப வந்துரும்" என்றேன்.

"அந்தப் பொட்டியிலதான் எல்லாம் தெரியும்னு அங்குட்டுச் சொன்னாக. அவுக பேரு வந்துருச்சான்னு ஒரு தரம் பாத்துச் சொல்லுங்களேன்."

"இதுல பேரெல்லாம் தெரியாதும்மா."

"அப்ப வேற என்னதான் தெரியும்?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அவளுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காக நான் திரையில் கோட்டை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பார்த்தேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. செயலி தொடங்கி எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் வரி. நான்கு நாள் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை என் கையால் ரீஸ்டார்ட் செய்திருக்கிறேன். மூன்று நாள்கூட ஆகவில்லை. நான்கு நாளாக ஓடுவது எது?

சட்டென்று எழுந்தேன். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை, நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, எந்தச் செயலியும் அப்படிப் படுக்கையாகக் கோடு போடாது. யாருமே தொடாத ஒன்று மட்டும்தான் அப்படி இருக்கும். நான் காலையிலிருந்து சோதனைக் கண்டெய்னரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உண்மையான கண்டெய்னரில் கதவு திறக்கவே இல்லை. அமைப்புக் கோப்பில் என்ன எழுதினாலும், வெறுமனே ரீஸ்டார்ட் செய்தால் கண்டெய்னர் பழைய அமைப்போடுதான் எழும். புதிய கதவு வேண்டுமென்றால் அதை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. வெள்ளிக்கிழமை பச்சைக் கோடு வந்துவிட்டதால் யோசிக்கவில்லை.

ஆய்வகத்துக்கு ஓடினேன். வசந்தி என் பேச்சைக் கேட்காமல் இருந்ததைப் பார்த்தேன். மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அதன் சின்னத் திரையிலிருந்து சாம்பிள் எண்ணையும் முடிவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழையும்போது ஒரு கையில் போனைக் காதில் வைத்திருந்தாள்.

"அக்கா, ஒருத்தருக்குப் பொட்டாசியம் ஏழு புள்ளி ரெண்டுக்கா. டயாலிசிஸ் கேஸு. டாக்டருக்கு அடிக்கிறேன், எங்கேஜாவே இருக்கு."

பொட்டாசியம் அந்த அளவுக்குப் போனால் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம். மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்கு அது பாடம் படிக்காமலே தெரியும்.

"அமராவதிபுதூரா?"

அவள் சீட்டைப் பார்த்து, "ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

தாளின் ஓரத்தைக் கிழித்து வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். கதவைத் தட்டவில்லை. "ஏழு புள்ளி ரெண்டு, லேப் பக்கத்து பெஞ்சுல இருக்காக" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் டாக்டர் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினார். பெஞ்சிலிருந்து அந்த மனிதரைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது அவர் மனைவி என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, என்ன சொல்றீக, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர் பிழைத்தார். ஊசி போட்டு, இதயத் துடிப்பு நிலைக்கு வந்த பிறகு டயாலிசிஸுக்குக் கொண்டு போனார்கள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார் என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் இது தெரிய எனக்குச் சாயங்காலம் ஆயிற்று. பதினோரு மணிக்கு எனக்கு அது தெரியாது. பதினோரு மணிக்கு நான் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது.

சென்னைக் கம்பெனிக்காரர் போனில் இருந்தார். நல்ல பையன், கெட்டிக்காரன்.

"மேடம், ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க ப்ளீஸ். இப்பத்தான் நின்னு போயிருக்கு, இதான் சான்ஸ். கண்டெய்னருக்குள்ள போய் மெமரியை அப்படியே ஒரு ஃபைலா எடுத்துடுங்க. அஞ்சு நிமிஷம்தான். ரீஸ்டார்ட் பண்ணா காரணம் அழிஞ்சு போயிடும், மறுபடி மூணு நாள் காத்திருக்கணும்."

அவர் சொன்னது முழு உண்மை. இரண்டு மாதமாக நான் தேடிய காரணம் அந்த நிமிடம் உள்ளே அப்படியே இருந்தது.

"அஞ்சு நிமிஷம்னு உறுதியாச் சொல்லுவீங்களா?"

"அஞ்சுலேர்ந்து... இருபது வரைக்கும்கூட ஆகலாம் மேடம்."

நிர்வாக அதிகாரி பின்னால் நின்று, "எதையாவது பண்ணித் தொலைங்கம்மா, சனங்க கத்துறாக" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. காரணத்தோடு வெளியே வந்தால், காலையில் செய்த தவறு அதில் மறைந்துபோகும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலைக் கேட்டதும்தான் நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் உறுதியாகப் பேசித் தவறியவள், அடுத்த உறுதியை எங்கிருந்து கொண்டுவருவது?

வசந்தியிடம் கேட்டேன். "மெஷின்ல இருக்கறது எல்லாம் பேப்பருக்கு வந்துருச்சா?"

"இன்னும் பதினோரு சாம்பிள் இருக்கு."

"நீ வாசி, நான் எழுதுறேன். நம்பரை ரெண்டு தரம் சொல்லு."

அவள் வாசித்தாள், நான் எழுதினேன். நர்ஸ்கள் தாளை வாங்கிக்கொண்டு டாக்டர்களிடம் போனார்கள். கடைசிச் சாம்பிள் முடிந்த பிறகு போய் ரீஸ்டார்ட் செய்தேன். செயலி எழுந்தது. காரணம் அழிந்தது. சென்னையில் அந்தப் பையன் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது.

தொழில்நுட்பக் கதையின் மீதியை இங்கேயே முடித்துவிடுகிறேன். மறுநாள் மதியம், ஆய்வகம் ஓய்ந்த நேரத்தில், வசந்தியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, உண்மையான கண்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்கினேன். கதவுக்குக் கடவுச்சொல் போட்டேன். என் மேசைக் கணினி தவிர வேறெங்கிருந்தும் தட்ட முடியாதபடி செய்தேன். அவசரத்தில் பூட்டில்லாமல் திறந்து வைக்கச் சொல்லி உங்களிடமும் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். உள்ளே இருப்பது நோயாளிகளின் ரத்தக் கணக்கு. இணைப்பு கிடைத்ததும் நான் சந்தோஷப்படவில்லை. தொடங்கிய நேரத்தைப் பார்த்தேன். பிறகு வசந்தியை ஒரு சாம்பிளை ஏற்றச் சொல்லி, கோடு அசைகிறதா என்று பார்த்தேன். அசைந்தது. இன்னொன்று ஏற்றச் சொன்னேன். "நம்ப மாட்டீகளா?" என்றாள். மாட்டேன் என்றேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை கோடு படிப்படியாக மேலே ஏறியதை எல்லோருமாகப் பார்த்தோம். அச்சடித்த ஒவ்வொரு அறிக்கையின் நகலையும் செயலி விடாமல் பிடித்து வைத்திருந்தது. கம்பெனிக்காரர்கள் ஒரு வாரத்தில் சரிசெய்துவிட்டார்கள்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது இது இல்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு நிர்வாக அதிகாரியின் அறையில் விசாரணை நடந்தது. ஆபத்தான முடிவு மெஷினில் தெரிந்த பத்து நிமிடத்துக்குள் டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி. மெஷின் அந்தப் பொட்டாசியத்தைக் காட்டியது பத்து மணி இருபது நிமிடத்துக்கு. டாக்டருக்குப் போனது பத்து ஐம்பதுக்கு. அதிகாரி எழுதி வைத்திருந்ததை வாசித்தார். லைன் கோளாறு, அதோடு ஆய்வக டெக்னீஷியன் உரிய நேரத்தில் தகவல் தரத் தவறியது. கடைசி வரியில் வசந்தியின் பெயர் இருந்தது.

அறையில் மூன்று பேர்தான். வசந்தியிடம் மெஷினைத் தொடாதே என்று சொன்னது நான் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு கண்டெய்னர் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. கருவியை இணைத்ததற்காக அதிகாரி எனக்கு ஒரு நல்ல வார்த்தைகூடச் சொன்னார்.

வசந்தி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள். "நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

நான் பேசவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. பேச வாயெடுத்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எடுக்கவில்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. இத்தனை வருடத்தில் என் பெயரில் ஒரு புகார் கிடையாது. லைன் கோளாறு என்ற சொல் எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? பாண்டி இரண்டு தரம் ஏணி ஏறி லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் அது அந்தத் தாளில் இருந்தது. நான் அதை அடித்துவிடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சமைத்தேன். என் கணவர் என்னவோ கேட்டார், வேறு என்னவோ பதில் சொன்னேன். படுத்தால், பெஞ்சில் சுவரில் சாய்ந்திருந்த அந்தத் தலைதான் கண்ணில் நின்றது. அவர் பிழைக்காமல் போயிருந்தால், அந்தத் தாளில் வசந்தியின் பெயருக்கு என்ன அர்த்தம் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிழைத்துவிட்டதால் மட்டும் அது சின்ன விஷயமாகிவிடுமா?

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கே போய்விட்டேன். நிர்வாக அதிகாரி வரும்வரை அவர் அறைக்கு வெளியே நின்றேன். ஒரு தாளில் எழுதியிருந்தேன். மூன்று தரம் கிழித்துப்போட்டு நான்காவது தரம் எழுதியது. லைனில் கோளாறு இல்லை. நான் சோதனைக் கண்டெய்னரைப் பார்த்துவிட்டுச் செயலி சரியாக இருப்பதாகச் சொன்னேன். மெஷினிலிருந்து நேரடியாக எழுதுவதாக வசந்தி பத்தேகாலுக்கே கேட்டார், நான் தடுத்தேன். நான் தடுத்ததை மீறி அவர் எழுதத் தொடங்கியதால்தான் முடிவு கிடைத்தது.

அதிகாரி இரண்டு முறை வாசித்தார்.

"இதைக் குடுக்கத்தான் வேணுமா? நேத்தே முடிஞ்சு போச்சேம்மா."

"முடியல சார்."

"மெமோ வரும்."

"வரட்டும் சார்."

மெமோ வந்தது. அதன் பிறகு ஆய்வகச் செயலியில் எந்த மாற்றம் செய்தாலும் இன்னொருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆணையும் வந்தது. முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அந்தக் கையெழுத்தில்லாமல் எனக்கே கை ஓடவில்லை. நீங்கள் இன்றைக்கு அலுத்துக்கொண்டே இன்னொருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறீர்களே, அது அன்றைக்கு வந்த வழக்கம்தான்.

பாண்டியிடம் போய்ச் சொன்னேன். "நான்தான் லைன் நல்லாருக்குன்னு அப்பவே சொன்னேனேம்மா" என்று சிரித்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்ததால் என்னால் சிரிக்க முடியவில்லை.

பிறகு தாளின் நகலை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். வசந்தி கையுறை போட்டுக்கொண்டு முதல் தட்டுச் சாம்பிள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கி, நின்றபடியே வாசித்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு, எந்த வரியில் இருக்கிறாள் என்று ஊகித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது, அழுததால் இல்லை, தூங்காததால்.

"இத நேத்து அந்த ரூம்லயே சொல்லியிருந்தீகன்னா, ராத்திரி நான் ஒரு வாய் சோறு தின்னுருப்பேன்லக்கா."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அந்த ஒரு வாய்ச் சோற்றின் முன்னால் நிற்கவில்லை.

அவள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். புதுக் கையுறையை உதறி மாட்டினாள். மெஷின் தயாராகிவிட்டதாகச் சத்தம் கொடுத்தது.

"தள்ளி நில்லுங்கக்கா, சாம்பிள் வைக்கணும்" என்றாள்.

தள்ளி நின்றேன்.